307 இருந்த இடத்தில் 454: பழைய ஷெவெல் காருக்கு பிக் பிளாக் போடுவது பற்றி

கையில் ஒரு 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபு. பானெட்டைத் திறந்தால் 307 கன அங்குல வி8. அதைத் தூக்கிவிட்டு 454 பிக் பிளாக்கைப் போட வேண்டும். அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த ஆசை வெளியே வந்துவிடும். வீடியோக்களில் இதைப் பார்த்துவிட்டு, அது என்ன பிக் பிளாக், ஒரு இன்ஜினைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் வேலை முடிந்ததுதானே என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. முடியாது. இன்ஜின் உள்ளே போய் உட்கார்வது இதில் மிகச் சுலபமான பகுதி. ரேடியேட்டரில் தொடங்கி பின் சக்கரம் வரை மற்ற எல்லாமே அந்தச் சின்ன இன்ஜினை மனதில் வைத்துப் பொருத்தப்பட்டவை, அவற்றை ஒவ்வொன்றாக மாற்றுவதில்தான் நேரமும் பணமும் போகும்.

முதலில் மசில் கார் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நடுத்தர அளவுள்ள சாதாரணக் குடும்பக் காரில், பெரிய காருக்கென்று செய்த இன்ஜினை வைத்தால் அது மசில் கார். 1964 மாடலில் பான்டியாக் டெம்பஸ்ட் காருக்குள் 389 கன அங்குல இன்ஜினை வைத்து ஜிடிஓ என்று விற்றார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை விதி போட்டிருந்தது, அதில் சிக்காமல் இருக்க ஜிடிஓவைத் தனி மாடலாக இல்லாமல் டெம்பஸ்ட்டுக்கான ஓர் ஆப்ஷனாகக் காட்டினார்கள். பெரிய இன்ஜினை மாற்றிப் போடுவது இந்தக் கார்களுக்குப் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பழக்கம் இல்லை, பிறக்கும்போதே உடன் வந்தது.

சரி, பிக் பிளாக். பெயரைக் கேட்டால் சிசி கணக்கு போலத் தோன்றும், புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சிலிண்டர்கள் அமைந்திருக்கிற அந்தப் பெரிய இரும்பு வார்ப்புக்குத்தான் பிளாக் என்று பெயர், அது உடலளவில் பெரியதா சிறியதா என்பதை மட்டுமே இந்தப் பெயர் சொல்கிறது. ஷெவர்லே 1955இல் 265 கன அங்குலத்தில் ஸ்மால் பிளாக்கைக் கொண்டுவந்தது. அதில் ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து பக்கத்து சிலிண்டரின் மையம் வரை 4.40 அங்குலம். 1965இல் 396 கன அங்குலத்தில் வந்த பிக் பிளாக்கில் அதே தூரம் 4.84 அங்குலம். நடுவில் இடம் கூடியதால் சிலிண்டரை அகலமாகக் குடைய முடிந்தது, வால்வுகள் பெரிதாயின, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் பெரிதாயிற்று, மொத்த இன்ஜினும் பருத்தது. இதே ஷெவர்லே 400 கன அங்குலத்தில் ஒரு ஸ்மால் பிளாக்கையும், லாரிகளுக்காக 366 கன அங்குலத்தில் ஒரு பிக் பிளாக்கையும் செய்தது. ஆகவே அந்த 400 'சின்னது', அந்த 366 'பெரியது'. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றது எளிது.

454 என்பது 1970 மாடலுக்கு வந்த பிக் பிளாக். சிலிண்டரின் அகலம் 4.25 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 4 அங்குலம், மொத்தம் 7.4 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 930 சிசி வருகிறது. மாருதி 800இன் முழு இன்ஜினே 796 சிசிதான். அதைவிடப் பெரிய சிலிண்டர்கள் எட்டு, ஒரே கிராங்க் ஷாஃப்டில்.

இதனால் என்ன கிடைக்கிறது? டார்க். குதிரைத்திறன் எண்களைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் தெருவில் ஓட்டும்போது உடம்பு உணர்வது டார்க்கைத்தான், அதாவது சக்கரத்தைச் சுழற்றித் தள்ளுகிற அந்த முறுக்கு விசையை. 1970 ஷெவெல்லில் வந்த எல்எஸ்6 என்ற 454க்கு 5,600 ஆர்பிஎம்மில் 450 குதிரைத்திறன், 3,600 ஆர்பிஎம்மிலேயே 500 பவுண்டு-அடி டார்க் என்று கம்பெனி கணக்குக் கொடுத்தது. நம் அளவில் 678 நியூட்டன் மீட்டர். அதே ஆண்டு 307க்குக் கொடுத்த கணக்கு 200 குதிரைத்திறன். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்: 307இல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் முதலில் சத்தம் எழுப்பி, சுற்று ஏறி, அப்புறம்தான் கார் நகரத் தொடங்கும், 454இல் காலை லேசாக அழுத்தினாலே கார் முன்னே போய்விடுகிறது, இன்ஜின் அதற்காகச் சிரமப்பட்டது போலக் காதுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இந்த இன்ஜின் பிடிப்பதே இந்தச் சிரமமின்மையால்தான்.

இந்த எண்களில் ஒரு எச்சரிக்கை. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் வைத்து, காரில் பூட்டும் சைலன்சர், ஏர் ஃபில்டர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்து விளம்பரம் செய்தார்கள். 1972இலிருந்து அவற்றோடு சேர்த்து அளந்த எண்ணைப் போடத் தொடங்கினார்கள். கார்வெட்டில் வந்த எல்எஸ்5 454க்கு 1971இல் 365, 1972இல் 270. இன்ஜின் திடீரென்று நோஞ்சானாகிவிடவில்லை, அளக்கிற முறை மாறியது. பழைய இன்ஜின் வாங்கும்போது எந்த ஆண்டு எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

1960களின் கடைசியில் ஷெவெல், கமாரோ போன்ற கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத் தானே தடை போட்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்கோ 427 வேண்டும். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் ஷெவர்லே டீலராக இருந்த டான் யென்கோ 1967இல் கமாரோவிலிருந்த இன்ஜினைக் கழற்றி 427ஐ மாட்டி, புதுக் காராகவே விற்றார். நியூயார்க்கில் பால்ட்வின்-மோஷன், சிகாகோவில் நிக்கி என்று வேறு டீலர்களும் இறங்கினார்கள். 1969இல் யென்கோ இன்னும் ஒரு படி மேலே போய், தலைமை அலுவலகத்தின் சிறப்பு ஆர்டர் வழியாகத் தொழிற்சாலையிலேயே கமாரோவில் 427ஐப் போட வைத்தார். 1970 மாடலுக்குத் தடையை எடுத்தார்கள், ஷெவெல்லுக்கு 454 வந்தது.

இந்தக் கதையை வெறும் ஆர்வத்துக்காகச் சொல்லவில்லை. தொடக்கக்காரர்களுக்கு ஏன் ஷெவர்லேயைப் பரிந்துரைக்கிறேன் என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது. உங்கள் 307 மாலிபுவும் தொழிற்சாலையில் 454 ஏறிய ஷெவெல் எஸ்எஸ்ஸும் (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேக வகை) ஒரே ஃபிரேம், ஒரே இன்ஜின் அறை. பிக் பிளாக்குக்கான இடம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதோடு, ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக்குக்கும் பிக் பிளாக்குக்கும் கியர்பாக்ஸ் சேரும் பின்பக்கத்தில் போல்ட் ஓட்டைகள் ஒரே அமைப்பில் இருக்கின்றன, பக்கவாட்டில் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் மாட்டும் ஓட்டைகளும் அப்படியே. தீப்பொறி வரிசைகூட இரண்டுக்கும் 1-8-4-3-6-5-7-2தான். மற்ற கம்பெனிகளில் இந்த வசதி எல்லா நேரமும் கிடைப்பதில்லை. மஸ்டாங்கில் பாஸ் 429 இன்ஜினை வைக்க, முன் சக்கரத்துக்கு மேலே சஸ்பென்ஷனைத் தாங்கும் தகரக் கோபுரங்களையே மாற்ற வேண்டியிருந்தது, அந்த வேலைக்காக ஃபோர்டு அந்தக் கார்களை மிச்சிகனின் பிரைட்டனில் இருந்த கார் கிராஃப்ட் என்ற தனிப் பட்டறைக்கு அனுப்பியது. முதல் முயற்சியிலேயே வெட்டி ஒட்டுகிற வேலை வேண்டாம்.

எந்தக் காரில் செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறப்பிலேயே எஸ்எஸ்ஸாக வந்து, அதன் சொந்த இன்ஜினும் இன்னும் உள்ளே இருந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பிளாக்கின் முன்பக்கத்தில் காரின் தொடர் எண்ணோடு ஒத்துப்போகும் முத்திரை குத்தியிருப்பார்கள், அந்தப் பொருத்தம் ஒருமுறை போனால் திரும்பாது. 307 மாலிபுதான் இதற்கு நியாயமான கார். அப்போதும் கழற்றிய 307ஐ விற்றுவிடாமல் ஆயில் ஊற்றி, பிளாஸ்டிக் சுற்றி, கராஜின் மூலையில் வைத்திருங்கள், நாளை காரை வாங்குகிறவர் கேட்பார்.

454ஐ எங்கே தேடுவது? மசில் கார்களிலிருந்து கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஆனால் இதே இன்ஜின் 1990கள் வரை பெரிய பிக்கப்களிலும் மோட்டார் ஹோம்களிலும் வந்தது, அங்கே தேடுங்கள். பிளாக்கின் பின்பக்கம் வார்ப்பிலேயே எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அது உண்மையில் என்ன இன்ஜின் என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். கனரக லாரிகளுக்கென்று வந்த 366, 427 ஆகியவற்றின் பிளாக் உயரம் 10.2 அங்குலம், சாதாரண பிக் பிளாக்குக்கு 9.8. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உயரமானதை வாங்கிவிட்டால் கார் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது காற்றையும் பெட்ரோலையும் ஹெட்டுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே பொருந்தாது.

ஹெட்டில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி நீள்வட்டமாகவோ செவ்வகமாகவோ இருக்கும். எல்எஸ்6இல் செவ்வகம். பந்தயத்தில் உயர்ந்த சுற்றில் பறக்க அது நல்லது. தெருவில் ஓட்டப் போகிறவருக்கு நீள்வட்டம்தான் சரி என்பது என் கருத்து, குறைந்த சுற்றில் காற்று வேகமாகப் பாயும், அந்தச் சிரமமில்லாத இழுவை அங்கேதான் பிறக்கிறது. 1980களின் லாரி இன்ஜின்களில் மிகச் சிறிய நீள்வட்ட வழி கொண்ட ஹெட்டுகள் வரும், அவற்றை மட்டும் மாற்றிவிடுங்கள்.

இப்போது, நான் நேரில் அடிபட்டுக் கற்ற விஷயம் ஒன்று. 396, 402, 427 இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டுக்குள்ளேயே எடை சமன் செய்யப்பட்டிருக்கும். 454இல் அப்படி இல்லை. அதன் சமன் எடையில் ஒரு பகுதி வெளியே, முன்பக்க பேலன்சரிலும் பின்பக்க ஃப்ளைவீலிலும் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் ஃப்ளைவீலுக்குப் பதில் ஃப்ளெக்ஸ்பிளேட் என்ற மெல்லிய தட்டு. நண்பர் ஒருவரின் காரில் நாங்கள் 454ஐ ஏற்றினோம், ஒரு பாகக் கடையில் கேட்டு வாங்கிய ஃப்ளெக்ஸ்பிளேட்டைப் போட்டோம், ஸ்டார்ட் செய்தோம். 1,500 ஆர்பிஎம் தாண்டியதும் கார் முழுதும் அதிர்ந்தது, ஸ்டீயரிங், கண்ணாடி, சீட், எல்லாம். கார்புரேட்டரை நோண்டினோம், பிளக் வயர்களை மாற்றினோம், டைமிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இரண்டு வாரம் கழித்து கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தட்டில் இருக்க வேண்டிய சமன் எடை இல்லவே இல்லை. அது 427க்கான தட்டு. போல்ட்டுகள் அச்சாகப் பொருந்தும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் அப்படியே ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். 454 வாங்கினால் அதன் பேலன்சரையும் ஃப்ளைவீலையும் சேர்த்தே வாங்குங்கள்.

மவுண்ட் விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டும். பிளாக் பக்கத்து ஓட்டைகள் ஒன்றே என்றாலும், ஃபிரேமின் மேல் நிற்கும் தாங்கிகளை பிக் பிளாக்குக்கு உரிய ஜோடியாக வாங்க வேண்டும், ரப்பர் மவுண்டும் அதே ஜோடியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் உயரத்திலோ சாய்விலோ தப்பாக உட்காரும். பெரிய டார்க் வரும்போது இன்ஜின் ஒரு பக்கம் எழும்பப் பார்க்கும். 1960களின் ஷெவர்லே கார்களில் மவுண்டின் ரப்பர் பிய்ந்து, இன்ஜின் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிட்ட சம்பவங்கள் நடந்தன. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் 67 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, இன்ஜின் எழும்பாமல் இருக்கக் கட்டுப் போட்டுக் கொடுத்தது. சாதாரண இன்ஜின்கள் இருந்த கார்களுக்கே இந்தக் கதி. ரப்பர் பிய்ந்தாலும் இரும்பு ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொள்ளும் வகை மவுண்டுகள் இப்போது கிடைக்கின்றன, அதையே போடுங்கள்.

எடைக்கு வருவோம். முழுக்க இரும்பில் செய்த பிக் பிளாக், ஸ்மால் பிளாக்கைவிட ஏறக்குறைய 50 கிலோ கூடுதல். அந்த எடை முழுதும் முன் சக்கரங்களின் மேல் விழும். 307க்கான ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் முன்பக்கம் தாழ்ந்து, பிரேக் பிடிக்கும்போது மூக்கைக் குத்தும். பிக் பிளாக் காருக்கான ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறது. அலுமினிய ஹெட்டும் அலுமினிய இன்டேக்கும் போட முடிந்தால் கூடுதல் எடையில் பெரும்பகுதி கழிந்துவிடும், நான் பணம் செலவழிக்கத் தயங்காத இடம் இது.

சூடும் அதே அளவு கூடும். 307க்கு வந்த ரேடியேட்டர் போதாது, டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றால் முள் ஏறும். அகலமான அலுமினிய ரேடியேட்டரும், ஃபேனைச் சுற்றி ஒழுங்கான கூடும் வேண்டும். அந்தக் கூட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூடு இல்லாத ஃபேன் பக்கத்துக் காற்றைத்தான் கலக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. வாட்டர் பம்ப்பில் 1968 வரை குட்டை வகை, 1969இலிருந்து நெட்டை வகை, புல்லிகளும் பிராக்கெட்டுகளும் அதற்கேற்ப மாறும். ஒன்றைக் கலந்தால் பெல்ட் நேராக ஓடாது.

பெட்ரோல் பற்றிக் கொஞ்சம். அந்தக் காலத்து எல்எஸ்6இன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்திச் சுருக்கும் விகிதம், 11.25க்கு 1. ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் அப்போது பங்க்கிலேயே கிடைத்தது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோலை 1996இல் முழுதாகத் தடை செய்துவிட்டார்கள். இன்று 91, 93 ஆக்டேனில் ஓட, இரும்பு ஹெட் என்றால் 9 அல்லது 9.5 கம்ப்ரஷனோடு நிறுத்திக்கொள்வது நல்லது, மிஞ்சினால் கலவை நேரம் தப்பித் தானாக வெடிக்கிற நாக்கிங் வரும். ஈயம் இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயும், லேத் பட்டறையில் ஹெட் கொடுக்கும்போதே கடினமான சீட் போடச் சொல்லிவிடுங்கள்.

கியர்பாக்ஸ், அப்புறம் பின் ஆக்சில். 307 மாலிபு பலவற்றில் பவர்கிளைடு வந்தது, அதில் இரண்டே கியர். அதை மாற்றி டர்போ 400 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைப் போடுவது வழக்கம், தொழிற்சாலையே பிக் பிளாக் கார்களுக்கு அதைத்தான் கொடுத்தது. ஆனால் அது நீளமானது, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும், அதன் முன்முனையையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் பவர்கிளைடின் வெளி ஷாஃப்டில் 27 பல், டர்போ 400இல் 32. பின்னால் இருப்பது 10 போல்ட் ஆக்சில், அதன் கிரவுன் 8.2 அங்குலம். எஸ்எஸ்ஸில் வந்த 12 போல்ட்டில் கிரவுன் 8.875 அங்குலம். 454இன் டார்க்கோடு பிடிப்பான டயரும் சேர்ந்தால், ஒரு நாள் சிக்னலில் வேகமாகக் கிளம்பும்போது அந்தச் சின்ன ஆக்சில் பல் உடைந்து நிற்கும்.

பிரேக்கை இன்ஜினுக்கு முன்பே முடியுங்கள். மாலிபுவில் சாதாரணமாக வந்தவை நான்கு சக்கரத்திலும் டிரம். மலை இறக்கத்தில் இரண்டு முறை அழுத்திப் பிடித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. முன்னால் டிஸ்க், ஒழுங்கான மாஸ்டர் சிலிண்டர், இரண்டும் ஓடி சோதித்த பிறகுதான் 454ஐத் தூக்கச் செயின் பிளாக் கட்ட வேண்டும்.

இன்ஜினைக் காருக்குள் இறக்குவது இரண்டு பேருக்கு ஒரு சனிக்கிழமை வேலை. கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்துப் பூட்டி, முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்திச் சாய்வாக உள்ளே விடுங்கள், கண்ணாடி துடைப்பானின் மோட்டாரையும் ஹீட்டர் பெட்டியையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெடர் என்கிற எக்ஸாஸ்ட் குழாய்கள் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நெளிந்து போகும், ஷெவெல்லுக்கும் பிக் பிளாக்குக்கும் என்று குறிப்பிட்டுச் செய்ததை வாங்கினால் விரல் தப்பும்.

முதல் ஸ்டார்ட்டில் அவசரப்படவே கூடாது. வால்வுகளைத் திறக்கும் புது கேம் ஷாஃப்ட், அதன் மேல் உரசி நகரும் பழைய தட்டை லிஃப்டர் வகையாக இருந்தால், முதல் 20 நிமிடத்தில்தான் கேமும் லிஃப்டரும் ஒன்றையொன்று பதப்படுத்திக்கொள்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரைப் போடுவதற்கு முன்பே அந்த ஓட்டை வழியாக டிரில் மெஷினில் ஒரு கம்பியைப் பூட்டி ஆயில் பம்ப்பைச் சுழற்றி, வால்வுகளை அழுத்தும் எல்லா ராக்கரிலும் ஆயில் வழியும் வரை ஓட விடுங்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு உள்ள ஆயில் வேண்டும், இன்றைய கார்களுக்கான ஆயிலில் அது குறைவு. டைமிங்கைக் கையால் சரிபார்த்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் முன்பே பெட்ரோல் ஊற்றி, முதல் திருப்பிலேயே பற்றிக்கொள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள். பற்றியதும் ஐடிலில் விடாமல் உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே கொண்டுபோய் 20 நிமிடம் அங்கேயே பிடிக்க வேண்டும், ஒருவர் டெம்பரேச்சர் முள்ளையும் ஆயில் பிரஷரையும் பார்க்க, இன்னொருவர் கீழே குனிந்து கசிவு தேட. ஹெடரின் பெயின்ட் புகையும், சத்தம் தெரு முழுதும் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பிறகு அணைத்து, ஆறவிட்டு, ஆயிலை முழுதும் வடித்துவிட்டு, கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளே மடித்திருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். லேசான சாம்பல் பூச்சு இருந்தால் சரி. மின்னும் இரும்புத் துகள்கள் இருந்தால் கேம் தேய்கிறது, அன்றைக்கு ரோட்டுக்குப் போக வேண்டாம். சுத்தமாக இருந்தால் புது ஆயில் ஊற்றி, பானெட்டை இருவர் பிடித்து மாட்டி, கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள்.